சிரிக்காத பன்றித்தலை

மேங் யூன்சுக்குக்கு முப்பத்தெட்டு வயது. தென்கொரியாவின் சொங்ஜு நகரில் பள்ளிகளுக்குப் பட்டமளிப்பு ஆல்பம் தயாரிக்கும் யோம் சாங்பேயின் கடையில் பதினாறு வருடமாக வேலை. பிள்ளைகளின் முகப்பருவைப் படத்திலிருந்து அழிக்க வந்தவள், கணினியையும் யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்டாள். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தது அங்கே அவள் ஒருத்திதான். யோம் அவளை இன்னும் "மிஸ் மேங்" என்றுதான் கூப்பிடுவார்.

2001 இலையுதிர் காலத்தில் புதுக் கணினிகள் வந்தபோது யோம் படையல் போட்டார். அவித்த பன்றித்தலை, செம்பயறு தூவிய அரிசிக் கேக், ஒரு கிண்ணம் அரிசிக் கள். பன்றியின் வாயில் பணத்தாளைச் செருகி, கணினிகள் முன் விழுந்து கும்பிட்டார். சிரிக்கிற தலைதான் யோகம் என்பதால் சந்தையில் அதற்கு விலை அதிகம். இவர் வாங்கி வந்தது உம்மென்றிருந்தது.

அந்தக் கணினிகளில் கோப்புறையைத் திறக்கும் சன்னலும் இணையம் பார்க்கும் சன்னலும் ஒன்றே. கோப்புறைக்கே இணையப் பக்கம்போல அலங்காரம் செய்துகொள்ளலாம். யோம் எல்லாக் கோப்புறைகளிலும் தன் முகத்தையும் பன்றியின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தார். இரண்டில் எதற்கு அறிவு அதிகம் என்று யூன்சுக் யாரிடமும் கேட்கவில்லை.

"முதலாளி, அது வெறும் படம் இல்ல, நிரல். இணையத்துலேருந்து ஏதாச்சும் அதுல ஏறிக்கிட்டா, கோப்புறையத் திறந்தாலே ஓட ஆரம்பிச்சிரும். ரோட்டுக்கும் பீரோவுக்கும் ஒரே கதவு வெச்ச மாதிரி."

"ரோடாம், பீரோவாம். உன் கம்ப்யூட்டரப் பாரு, பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் மாதிரி. பன்றி இருந்தாதான் யோகம் வரும், மிஸ் மேங்."

அவள் தன் கணினியில் மட்டும் அலங்காரத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். படங்கள் எல்லாம் யோமின் கணினியில்தான் இருக்க வேண்டும். முதலாளி மேசையில் இருந்தால்தான் பத்திரமாம். சனிக்கிழமைதோறும் அவள் அவற்றைத் தனி வட்டு ஒன்றில் நகலெடுத்தாள்.

பிப்ரவரி. அடுத்த வாரம் மூன்று பள்ளிகளில் விழா. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். யோம் இணையத்தில் பதுக் என்ற காய் விளையாட்டு ஆடும் தளம் ஒன்றைத் தேடிப் போனார். வங்கியோ விளையாட்டோ, எந்தத் தளமும் கணினியில் ஏதோ நிரலை இறக்கலாமா என்று கேட்கும்; 'ஆம்' அழுத்தினால்தான் உள்ளே விடும். ஊரே படிக்காமல் அழுத்தப் பழகியிருந்தது. யோமும் அழுத்தினார்.

மறுநாள் காலையில் பார்த்தால், முதல் பள்ளியின் படக் கோப்புகளில் பெயர்கள் மட்டும் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. யூன்சுக் அலங்காரத்தின் நிரலைப் பிரித்துப் பார்த்தாள். அடியில் கடையில் யாரும் எழுதாத இருபது வரிகள். கோப்புறை திறந்ததும் அதிலுள்ள படங்களைக் காலிசெய்யச் சொல்லும் வரிகள். எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது யோம் திரைக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பத்திரமா இருக்கான்னு பாக்கறேன். ரெண்டாவது பள்ளிக்கூடமும் போச்சு. மூணாவதப் பாக்கணும்."

"திறக்காதீங்க. நீங்க திறக்கறதாலதான் போகுது."

"திறக்காம எப்படித் தெரியும்?"

திறந்தார். அதுவும் போயிற்று. அப்புறம் கையை நீட்டினார்.

"உன் வட்டக் குடு. அதுல இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கறேன்."

யூன்சுக் வட்டைக் கோட்டுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "தரமாட்டேன்." பதினாறு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் மறுப்பு அது.

"இந்தக் கடைக்கு யாரு முதலாளி?"

"நீங்கதான். அடுத்த வாரம் முந்நூத்திப் பன்னெண்டு பசங்க ஆல்பத்தப் பிரிப்பாங்க. பக்கத்துக்குப் பக்கம் உங்க பன்றியப் போட்டுத் தந்துரலாமா?"

அவர் கை மெல்ல மடிந்தது. அவள் தன் கணினியின் வலைக் கம்பியைப் பிடுங்கினாள். வட்டைச் செருகி, கோப்புறைச் சன்னலைத் திறக்காமல் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, ஒவ்வொரு படமாகச் சரிபார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. விழாவுக்கு முந்தின நாள் ஆல்பங்கள் போய்ச் சேர்ந்தன.

வசந்தத்தில் மறுபடி படையல். "போன தடவ தலை சிரிக்கல, அதான். சந்தைக்காரி ஏமாத்திட்டா," என்று யோம் எல்லோருக்கும் விளக்கினார். இந்தத் தலை காதுவரை சிரித்தது. கும்பிட்டு எழுந்து கோப்புறையைத் திறந்தால் வெறும் மஞ்சள் பெட்டிகள். எல்லாக் கணினிகளிலும் அப்படித்தான்.

"பன்றி எங்க, மிஸ் மேங்?"

"மேசை மேல இருக்கு, முதலாளி. அங்கயே இருக்கட்டும்."

அவள் அதன் காதை அறுத்து, உப்பிட்ட இறாலில் தொட்டுத் தின்றாள்.