கண்ணாடிப் பெட்டிக்குள் கன்னியம்மன்

புரட்டாசி சனிக்கிழமை எனக்கு விரதம். எங்கள் கம்பெனி கேன்டீனில் அன்றைக்கும் முட்டைக் குழம்புதான். என்னோடு ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த சின்னப்பொண்ணு கறி, மீன் எல்லாம் சாப்பிடுகிறவள். ஆனால் தனிப் பாத்திரத்தில் எலுமிச்சை சாதம் கிளறிக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் என் பையில் வைத்துவிடுவாள். கேட்டால், "உன் பெருமாள் வச்சிருப்பாரு, என்னை இன்னாத்துக்கு கேக்குற?" என்பாள்.

அவள் வல்லம் வடகால்காரி. நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. மிஞ்சியது ஏரிக்கரை வேப்பமரத்தடியில் இருக்கும் குலதெய்வம் கன்னியம்மன்தான். சுடாத மண்ணில் செய்த சிலை. வீட்டில் கல்யாணம் என்றால் பழைய சிலையை இறக்கி, மழையில் கரைய விட்டுவிடுவார்கள். அது கரைந்த பிறகே புதுச் சிலையில் அம்மன் வந்து உட்காருவாள். அவளுக்கு முன்னால் பத்திரிகை வைத்தால்தான் மற்ற வேலை நடக்கும்.

சின்னப்பொண்ணு மகள் தென்றலுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பழைய சிலையை இறக்கி மரத்தடியில் வைத்தார்கள். மறுநாள் அது அங்கே இல்லை. கல்யாணம் அப்படியே நின்றது.

எங்கள் முதலாளிகள் ஊர் வரலாற்றைக் காட்ட ஒரு அருங்காட்சியகம் திறந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். உள்ளே உடைந்த பானை ஓட்டுக்கு ஏசி. நாங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு ஃபேன் கேட்டால் பதில் கிடையாது. சுவரில் பச்சைப் பசேலென்று வயல் படம். வயலைச் சிமெண்டால் மூடியவர்களுக்கு அதன் படம் மட்டும் இனிக்கிறது.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், கன்னியம்மன் இருந்தாள்.

சின்னப்பொண்ணு பொறுப்பாளர் வேதாந்திடம் போனாள். "சார், இது எங்க சாமி. பொண்ணு கல்யாணம் நிக்குது. குடுத்துடுங்க."

"கேட்பாரில்லாம கெடந்ததும்மா. நாங்க எடுக்கலன்னா அழிஞ்சே போயிருக்கும்."

"அழியறதுக்குத்தான் சார் வச்சோம்."

அவருக்குச் சிரிப்பு. "நீங்க இது பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"ஒரு சொம்பு தண்ணியாவது ஊத்த வுடுங்க."

"கண்ணாடியத் தொடவே கூடாது."

சாமியைப் பூட்டி வைத்துவிட்டு, சாமியையே காப்பாற்றியதாகப் பீற்றிக்கொள்ளும் அற்பங்களை நான் அன்றுதான் பார்த்தேன். இப்படிச் சொல்வதற்குப் பெருமாள் என்னை மன்னிக்கட்டும்.

சின்னப்பொண்ணு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். கண்ணாடிப் பெட்டியின் தலையில் முழுவதையும் கவிழ்த்தாள். "மழை பேஞ்சாச்சு தாயே. கெளம்பு, உன் புது எடத்துக்கு வந்துடு." கும்பிட்டாள். தண்ணீர் நாலு பக்கமும் வழிந்தது. செக்யூரிட்டி ஓடி வந்தான். வேதாந்த் பதறிப்போய்த் துடைத்தது அம்மனை அல்ல, தன் விலையுயர்ந்த ஷூவை.

சாயந்திரம் ஊரில் பூசை செய்யும் நடேசனிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மேல ஊத்துனா மழைதாம்மா. கொண்டா புதுச" என்றார். அன்றைக்கே புதுச் சிலை முன்னால் பத்திரிகை வைத்தார்கள்.

திங்கட்கிழமை காண்ட்ராக்டர் அவளை வேலையை விட்டு நிறுத்தினான். ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

"அழுவாத அக்கா," என்றாள். "ஒரகடத்துல கம்பெனிக்கா பஞ்சம்? அம்மா எறங்கிப் போன வெறும் மண்ணுக்கு ஏசி போட்டுக் காவல் காத்துக்கினு கீறான் பாரு, அவனுக்காக அழு."