கல் குழிக்காரி

ஒரே வீட்டுக்கு மருமகள்களாய் வந்த இருவருக்கும் ஊருக்கு வெளியே நடந்த அகழாய்வில் வேலை கிடைத்தது. "மேல இரும்புக் காலம், அதுக்குக் கீழ வெண்கலம், எல்லாத்துக்கும் அடியில கல்லு," என்று அதிகாரி முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். இளையவளுக்கு மேட்டுக் குழி. மூத்தவளுக்குச் சரிவுக் குழி. சரிவில் மேல்மண் எந்தக் காலத்து மழையிலோ கரைந்து போயிருந்தது. ஒரு முழம் தோண்டியதுமே கற்காலம் வந்துவிட்டது. செதுக்கிய கல், உடைந்த கல், கருவியா வெறும் கல்லா என்று அதிகாரியே உதட்டைப் பிதுக்கிய கல்.

மேட்டில் முதல் வாரம் இரும்பு உளி. அடுத்த வாரம் வெண்கல வளையல். அதை உள்ளங்கையில் ஏந்தி இளையவள் சிரித்த படம் கூடாரத்தில் தொங்கியது. "சின்னவ கை வச்சாலே பொருள் வருதுப்பா," என்றார் மாமனார் சாப்பாட்டு வேளையில். பரிமாறிக்கொண்டிருந்த மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேட்டுக் குழிப் பொருட்கள் எண் போடுவதற்காகத் தட்டில் கிடந்தன. சுண்டுவிரல் நீள இரும்பு அம்புமுனை ஒன்றை மூத்தவள் இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தன் குழியில் கல் சில்லுகளுக்கு நடுவே புதைத்தாள். அரை மணி கழித்துக் கத்தினாள்: "சார்! இங்க வந்து பாருங்க!"

அதிகாரி மண்டியிட்டார். நோட்டைத் திறந்து ஆழத்தைக் குறித்துக்கொண்டார். "கல்லுக்கு நடுவுல இரும்பா? இது உண்மைன்னா நாங்க படிச்சதையெல்லாம் திருத்தி எழுதணும்மா!"

அவள் ஆசைப்பட்டது ஒரு படத்துக்குத்தான். அவரோ தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல போனை எடுத்துவிட்டார்.

"வேணாம் சார்." அவர் முன்னால் வந்து நின்றாள். "நான்தான் வச்சேன். அது சின்னவ குழியில கிடைச்சது."

அவர் கத்தவில்லை. நோட்டில் எழுதியதை இரண்டு கோடு போட்டு அடித்தார். அன்றோடு அவளுக்குக் குழி போயிற்று; பானைத் துண்டுகளைக் கழுவும் தொட்டியடிக்கு மாற்றினார்கள்.

வீடு திரும்பும் வழியில் இளையவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. குழிய மாத்திக்கலாம்னு நானே சார்கிட்ட கேட்டிருப்பேனே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நல்ல மனசும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று நினைத்தபோது எரிச்சல் இன்னும் ஏறியது. கையை உருவிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை மேட்டுக் குழியிலிருந்து முதல் கூடை கழுவ வந்தது. ஒவ்வொரு துண்டையும் பிரஷால் பதமாகத் தேய்த்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்தக் குழி என்று எழுதிய சீட்டை மட்டும் குப்புறத் திருப்பி வைத்திருந்தாள்.