பஸ்ஸில் செத்த கழுதை

ஷூ கம்பெனியில் என் வேலை ஜோடி பார்ப்பது. இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் ஒரே தோலில் வெட்டியது போல இருக்க வேண்டும். நிறம், ரேகை, சுருக்கம் எதிலும் வித்தியாசம் தெரியக் கூடாது. பதினான்கு வருடமாக இதையே செய்து செய்து, எந்த இரண்டு பொருளைப் பார்த்தாலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் புத்தி வந்துவிட்டது. கல்யாண மேடையில் நிற்கும் மாப்பிள்ளையையும் பெண்ணையும்கூட நான் அப்படித்தான் பார்க்கிறேன் என்று என் மனைவி திட்டுவாள்.

அதனால் கையில் வைத்து ஆடும் கேம் மெஷின் ஒன்று வாங்கியதும் எனக்கு வந்த முதல் கேள்வி, வீட்டு டிவியில் மாட்டியிருக்கும் கன்சோலுக்கு இது ஜோடி சேருமா என்பதுதான். யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்டு நான் எதையும் பாஸ் செய்ததில்லை.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் அந்த கன்சோல்தான். அப்போது நான் ஆடிக்கொண்டிருந்தது ஒரு மலைநாட்டுக் கதை. ஒரு பெண், ஒரு கழுதை, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய மூட்டைகள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவேன். மனைவி கீழே பாய் விரித்து, ஷூவின் மேல்பாகமான அப்பர்களை மடியில் போட்டுக்கொண்டு தைப்பாள். ஏஜென்ட் கட்டு கட்டாகக் கொண்டுவந்து போடுவார். கேமில் பெண் சும்மா நடக்கும்போது இவள் ஊசி ஓடும். பனிப்புயல் வந்தால் ஊசி நின்றுவிடும். கேம் ஆடும் ரிமோட்டை அவள் தொட்டதே இல்லை. ஆனால் கதை முழுக்க அவளிடம்தான் இருந்தது. எந்த ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் மறந்துபோவேன், அவள் தலை நிமிராமலே சொல்லுவாள்.

கழுதை விஷயத்தில் மட்டும் என்னை நம்பவே மாட்டாள். "சுமைய கம்மி பண்ணுங்க, பின்னங்கால இழுக்குது பாருங்க" என்பாள். எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் இரண்டு மூட்டை இறக்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தேன். டிவியில் அதே கேம், கையில் அதே கேம், இரண்டிலும் அதே ஆற்றங்கரை. படம் சின்னதுதான், ஆனால் கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதால் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இயர்போன் மாட்டினால் கழுதை கழுத்து மணி கேட்டது. அப்படி ஒரு மணி இருப்பதையே எங்கள் டிவி சொன்னதில்லை. ஒரு மணி நேரம் ஆடினால் கட்டைவிரல் வலித்தது, பின்பக்கம் சுட்டது. வெயிலில் பிடித்தால் மலை மறைந்து என் மூஞ்சி தெரிந்தது. இதெல்லாம் சின்னக் குறைகள்தான். மனைவி பக்கம் நீட்டி அவளையும் கேட்டேன். கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு உங்க கட்டவெரல்தான் தெரியுது" என்றாள். அதை நான் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஜோடி சரி என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு கம்பெனி பஸ்ஸில் ஆட ஆரம்பித்தேன். ஆம்பூர் போய்ச் சேர, ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் விட்ட இடத்திலிருந்து பஸ்ஸில் தொடரலாம், பஸ்ஸில் விட்ட இடத்திலிருந்து வீட்டில் தொடரலாம். எல்லாம் நெட்டில் தானாகப் பதிவாகிவிடும். மனைவியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். பஸ்ஸில் விறகு பொறுக்குவேன், புல் அறுப்பேன், கதையை மட்டும் நகர்த்த மாட்டேன்.

நாலு நாள் அப்படித்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் இந்த ஒரு வளைவைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று தோன்றியது. வளைவைத் தாண்டினால் உறைந்த ஆறு. பஸ் மாதனூரைத் தாண்டிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆம்பூர். இரண்டு நடையாகப் போக நேரமில்லை என்று ஆறு மூட்டையையும் ஒரே தடவையில் ஏற்றி இறங்கினேன். நடு ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது. கழுத்து மணி சத்தம் காதுக்குள் இரண்டு தடவை கேட்டு நின்றுவிட்டது. கேம் தானாகப் பதிவு செய்துகொண்டது. பின்னால் போக வழியே இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த தையல் லைன் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா அண்ணா என்று கேட்டது. இல்லைம்மா என்றேன். வெட்கக்கேடு அதோடு நிற்கவில்லை. செத்தது செத்துவிட்டது, அப்புறம் என்னதான் ஆகிறது என்று, சாயங்காலம் திரும்பும்போதும் ஆடினேன்.

அன்று வீட்டில் பாய் விரித்தாயிற்று, அப்பர் கட்டு பிரித்தாயிற்று. டிவியில் அந்தப் பெண் ஒரு மூட்டையைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு நின்றாள்.

"கழுத எங்க?" என்று கேட்டாள் மனைவி.

சொன்னேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தேன், வாய் வரவில்லை. அவள் நூலை முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.

"எத்தன மூட்ட ஏத்துனீங்க?"

"ஆறு."

"நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டி சமையல்கட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாளிலிருந்து தையல் அங்கேதான். கூப்பிட்டால், நீங்கள்தான் பார்த்துவிட்டீர்களே, இனி நான் பார்க்க என்ன இருக்கிறது என்றாள்.

பெரிய டிவியில் தனியாக ஆடிப் பார்த்தேன். படம் அதே படம், சத்தம் அதே சத்தம். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. தோலில் மயிரிழை ரேகையைக் கண்டுபிடிக்கிற எனக்கு, பாயில் உட்கார்ந்திருந்த ஆளைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. கையில் இருக்கிற மெஷின் எல்லாவற்றிலும் கன்சோலுக்கு ஈடுதான், ஆனால் அதற்கு எதிரே பாய் விரிக்க இடமில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கழுதை சாக வேண்டியிருந்தது என்று நினைத்தபோது என் மேலேயே எரிச்சலாக வந்தது.

கேமை முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் ஊர் முடிகிற கட்டத்தில் அவளைக் கூப்பிட்டேன். வாசற்படியில் வந்து நின்றாள். திரையில் ஒரு ஆள் திடீரென்று வழி மறித்ததும், புதிதாகப் பார்ப்பதுபோல ஐயையோ என்று பதறினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் தெரியுமே. இன்னாத்துக்கு நடிக்கறீங்க?" என்றாள்.

ரிமோட்டை அவளிடம் நீட்டினேன். தனக்கு ஆட வராது என்றாள். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பாயை மறுபடி டிவி முன்னால் விரித்து உட்கார்ந்தாள்.

மோசமாக ஆடினாள். சுவரில் முட்டினாள், அரைமணி நேரம் வானத்தையே பார்த்தபடி நடந்தாள். நான் பத்து நாளில் கடந்த வழி அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் போல கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

கடைசியில் ஆறு வந்தது. அவள் கரையில் நின்று, மூட்டை எல்லாவற்றையும் இறக்கினாள். கழுதையை வெறும் முதுகோடு அக்கரைக்கு நடத்திப் போனாள். பிறகு திரும்பி வந்து, அந்தப் பெண் முதுகிலேயே மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமக்க வைத்தாள். ஆறு நடை. அப்படிச் செய்ய கேம் விடும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அக்கரையில் கழுதை உடம்பை உதறிக்கொண்டு, எதையோ மோப்பம் பிடித்தபடி பாறைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தது. நான் போனபோது அந்த இடத்தில் வழியே இல்லை. இப்போது இருந்தது.

அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இங்க இன்னா வரும்? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டாள்.