பெருநாள் சஹனில் ஒதுக்கிய பிளம்ஸ்

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு கேற்றுக்கு வெளியே செம்மண் நிற நாயொன்று நாலு வருடமாகக் கிடந்தது. எங்கள் நாய் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எங்கள் மார்க்கப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். அதனால் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. சோறு மட்டும் தவறாமல் வைப்பேன்.

நாய்ச் சாப்பாட்டில் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு. கோழி எலும்பு குடலைக் குத்தும் என்று யாரோ சொன்னதிலிருந்து எலும்பையெல்லாம் பொறுக்கி எறிவேன். உறைப்புப் போகச் சோற்றைக் கழுவியும் கொடுப்பேன். "எனக்கும் இப்பிடிப் பாத்துப் பாத்து வெச்சா நல்லம்" என்று கணவர் கிண்டலடிப்பார்.

போன நோன்புப் பெருநாளன்று பகல் நெய்ச்சோறு. ஆறாறு பேராக மூன்று பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். சோற்றில் போடும் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, பிள்ளைகளுக்குப் பிடிக்காது. பொறுக்கிப் பொறுக்கிச் சஹன் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு கைப்பிடி தேறியது. அல்லாஹ் தந்த உணவைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. எலும்புகளைக் கவனமாக எடுத்துப் போட்டுவிட்டு, பிளம்ஸ் முழுவதையும் மிச்சச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைத்தேன். அதற்கும் பெருநாள்தானே. ஒரு பருக்கை விடாமல் தின்றது.

மறுநாள் காலையில் வாந்தி எடுத்தது.

"கூடத் திண்டிட்டு போல. விடுங்க, நாளைக்குச் சரியாயிரும்" என்றார் கணவர். நானும் அப்படித்தான் நம்பினேன். பெருநாள் கழிந்தால் எங்கள் வீட்டில் யாருக்குத்தான் வயிறு சரியாக இருந்தது!

மூன்றாம் நாள் அது எழும்பவே இல்லை. காரைதீவிலிருந்து மிருக வைத்தியரைக் கூட்டிவந்தோம். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பெருநாள் சோத்தில பிளம்ஸ் ஏதும் திண்டதா?"

"ஓம் டொக்டர். நான்தான் வெச்சன்."

"நாய்க்கு அது நஞ்சு. கிட்னியப் பழுதாக்கிப் போடும். திண்ட உடனே சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்." ஊசியொன்று போட்டார். "தண்ணி மட்டும் குடுத்துப் பாருங்க" என்றுவிட்டுப் போனார்.

நான் கேற்றடியில் குந்தி, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்தேன். அதற்குக் குடிக்கத் தெம்பில்லை. என் விரல்களை மட்டும் இரண்டு தடவை நக்கியது. நஞ்சு வைத்த கை அது. அதன் தலையில் முதல் தடவையாகக் கை வைத்தேன். வால் இலேசாக மண்ணில் தட்டியது. நான் வாய்விட்டு அழுதேன்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. பழக்கதோஷம், எழுந்து கிணற்றடிக்குப் போனேன். மண்ணள்ளித் தேய்த்து, பிறகு ஒவ்வொரு தடவையாக எண்ணி ஏழும் முடித்துத் திரும்பினேன். நாய் செத்துப்போயிருந்தது. தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. கையைக் கொஞ்சம் பிந்திக் கழுவியிருக்கலாம்.