உப்பு லாரிக்காரனின் பிளைமவுத்

குளிர்காலம் முழுக்க ரெய்னோ லாத்தெலா சாலைகளில் பனி உருக உப்புக் கொட்டுவான். கோடை வந்ததும் அந்த உப்பு தின்றுவிட்டுப் போன இரும்பை வெட்டி எடுப்பான். முதல் வேலைக்கு மாவட்டம் சம்பளம் தந்தது. இரண்டாவதை வீட்டு ஷெட்டில் சொந்த ஆசைக்குச் செய்தான். இதைச் சொல்லிக் காட்டாத நாளே அவன் மனைவி மார்லிஸுக்குக் கிடையாது.

“நீயே கெடுக்கிற, நீயே வைத்தியமும் பாக்குற. நல்ல பொழைப்புப்பா!”

மிஷிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், துரு என்பது நரைமுடி மாதிரி. எல்லோருக்கும் வரும், யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். பத்து வருடம் ஓடிய காரின் சக்கரத்துக்கு மேல் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டை வழியே சேறு தெறிக்கும். அவ்வளவுதான், அடுத்த காரை வாங்கிக்கொள்வார்கள்.

ரெய்னோவால் மட்டும் ஒரு காரை அப்படி விட முடியவில்லை. பதினேழு வயதில், பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாலை ஆரஞ்சு நிறப் பிளைமவுத் கார் ஒன்று வந்து நின்றது. எழுபதாம் வருடத்து வண்டி. இரண்டே கதவு. பின்பக்கம் பாயப் போகும் மிருகத்தின் தொடைபோலத் திரண்டிருந்தது. டேங்கை நிரப்பியது அவன்தான். கண்ணாடியைத் துடைத்ததும் அவன்தான். ஓட்டி வந்தவன் முகம் அவனுக்கு ஞாபகமில்லை. வண்டி ஏரிக்கரை வளைவில் மறைந்த பிறகும் அதன் உறுமல் தண்ணீருக்கு மேல் வெகுநேரம் நின்றது. துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி அவன் அப்படியே நின்றிருந்தான்.

பிறகு கல்யாணம், வீடு, லாரி வேலை, காலேஜுக்குப் போன மகள் என்று வருடங்கள் ஓடின. ஒருநாள் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில், கோழிகள் முட்டையிடும் கூண்டாக அதே வடிவத்தைப் பார்த்தான். எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை. நிறம்கூட எந்த நிறம் என்று தெரியவில்லை. பண்ணைக்காரர் தோளைக் குலுக்கினார். “கோழிங்களைக் கேட்டுட்டு எடுத்துக்க.”

இழுவை வண்டியில் வைக்கோலும் இறகுமாக அது வீட்டுக்கு வந்த அன்று மார்லிஸ் வாசலில் நின்று பார்த்தாள்.

“எஞ்சின் எங்க?”

“அப்புறம்.”

“சக்கரம்?”

“அதுவும் அப்புறம்தான்.”

“அப்ப இப்ப என்னதான் இருக்கு?”

ரெய்னோ அதன் பின்பக்கத்தைத் தடவினான். “வடிவம் இருக்கு.”

மார்லிஸ் ஒரு முட்டையை எடுத்துக் காட்டினாள். “இதுவும் இருக்கு.”

அந்தக் கோடையிலிருந்து அவன் மாலைகள் ஷெட்டுக்குள் போயின. சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே காரைச் சுற்றி வருவான். நல்ல தகடு கணீரென்று சொல்லும். எவனோ பட்டி பூசி மறைத்த இடம் தலையணை மாதிரி மழுங்கிச் சொல்லும். மழுங்கிய இடங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வெட்டி, புதுத் தகட்டை வளைத்து வைத்து வெல்டிங் செய்வான். தரையின் ஒரு பக்கத்தைப் பிரித்தபோது, பழைய சொந்தக்காரன் யாரோ ஓட்டையை அடைக்க ஒரு சாலைப் பலகையையே வெட்டி ஆணி அடித்திருந்தது தெரிந்தது. ‘வேகம் குறைக்கவும்’ என்று பாதி எழுத்து இருந்தது. அது அவன் வேலை பார்க்கும் மாவட்டத்தின் பலகைதான். ரெய்னோ அதைக் கழுவித் துடைத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். மேலதிகாரி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, “இது காணாமப் போனதே எங்களுக்குத் தெரியாதே!” என்றார்.

வேலை செய்யும் நேரத்தைவிட அந்த ஷெட்டில் அவன் சும்மா இருந்த நேரம்தான் அதிகம். இரும்பு அறுக்கும் கிரைண்டரை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு ரீங்காரம் மிஞ்சும். அந்த ரீங்காரத்துக்குள் சாலை ஒன்று விரியும். மேற்கே, மரங்கள் குறைந்து, புல்வெளி வந்து, வானம் தரைவரை இறங்கி… மார்லிஸ் சாப்பிடக் கூப்பிடும்போது அவன் எங்கோ தொலைவில் இருப்பான். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

போன குளிர்காலத்தில் ஒரு விபத்து நடந்தது. ஷெட்டைப் பிளைமவுத் அடைத்துக்கொண்டதால் மார்லிஸின் சின்னக் கார் வெளியே நின்றது. பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு விடியலிலேயே கிளம்ப வேண்டியவள், கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு திரும்பி வந்தவள் கத்தவில்லை. அதுதான் ரெய்னோவுக்குப் பயமாக இருந்தது.

“அடுத்த தடவ முதல் பனி விழறன்னிக்கு என் கார் உள்ள நிக்கணும்.”

“நிக்கும்.”

“உன் கோழிக்கூண்டு எங்க வேணா போகட்டும். போக எடமில்லன்னா பழைய இரும்புக்கடைக்குப் போகட்டும். சரின்னு சொல்லு.”

“சரி,” என்றான். அவள் இடது கையை நீட்டினாள். அவன் பிடித்துக் குலுக்கினான்.

அவனிடம் திட்டம் இருந்தது. லம்பி லேன் ஒரு முட்டுச்சந்து. அதில் இரண்டே வீடு. ஒன்று அவனுடையது. கோடியில் இருப்பது அவனோடு பள்ளிக்கூடம் படித்த ஆர்வோ பெசோலாவுடையது. ஆர்வோவிடம் காலியான வைக்கோல் கொட்டகை இருந்தது. இலையுதிர்காலத்துக்குள் பக்கவாட்டுச் சட்டங்களை முடித்து, பழைய சக்கரங்களை மாட்டி, உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

கெடுத்தது செப்டம்பரின் ஒரு மாலை. கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம்தான் அந்த மாதிரிக் காருக்கு முதுகெலும்பு. அதை வெட்டும் முன், கார் தொய்யாமல் இருக்க, கதவு இடைவெளியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம் தொட வேண்டும். ரெய்னோவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்று ஜன்னல் வழியே வந்த வெயிலில் தீப்பொறிகள் ஆரஞ்சு நிறத்தில் பறந்தன. அந்த நிறம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. புல்வெளியில் ரொம்ப தூரம் போய்விட்டுத் திரும்பியபோது கிரைண்டர் கையில் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருந்தன. கம்பி இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது.

சத்தமே வரவில்லை. களைத்த மனுஷி நாற்காலியில் உட்காருவதுபோல, கார் நடுவில் மெல்ல இறங்கியது. அவன் கதவைச் சாத்திப் பார்த்தான். கதவு பின்தூணில் இடித்து நின்றது. இரண்டு விரல் அகலம் உள்ளே போக மறுத்தது.

மறுநாள் காரின் நடுவயிற்றுக்கு அடியில் இரண்டு கனத்த மர உத்தரங்களைக் கொடுத்து, அவற்றின் மேல் திருகு ஜாக்கிகளை வைத்தான். மாலைக்கு ஒரு சின்னத் திருப்பு. அதற்கு மேல் அவசரப்பட்டால் கூரை மடிந்துவிடும். மடிந்தால் பிறகு எந்தத் தகட்டாலும் அதை நேராக்க முடியாது.

மார்லிஸிடம் அவன் சொல்லவில்லை. அவளே ஒருநாள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். “என்ன இது, சாத்த மாட்டேங்குது?”

அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள்.

“நிமிர எவ்ளோ நாள் ஆகும்?”

“நவம்பர் நடுவுல ஆயிடும். பனி அதுக்கப்புறம்தான் வரும்.”

“வானத்துக்கிட்ட சொல்லி வச்சிருக்கியா?”

வானம் காத்திருக்கவில்லை. அக்டோபர் முடியும் முன்பே, பண்டிகைக்கு வாசலில் வைத்திருந்த பூசணிக்காய் தலையில் வெள்ளைப் பனிக் குல்லாயோடு உட்கார்ந்திருந்தது. கதவில் இன்னும் அரை விரல் பாக்கி. இருட்டு விலகும் முன் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. ரெய்னோ லாரியை எடுத்துக்கொண்டு போனான். பனியைத் தள்ளி உப்பைத் தூவிக்கொண்டே மனசுக்குள் காரை நூறு விதமாகத் தூக்கிப் பார்த்தான். எந்த விதத்தில் தூக்கினாலும் அது அட்டைப்பெட்டி மாதிரி மடிந்தது. வாக்கு கொடுத்தாயிற்று. இரும்புக்கடைக்காரனின் நம்பர் சட்டைப்பையில் இருந்தது. மதியத்துக்கு வீட்டுக்குப் போனதும் பேசிவிடலாம் என்று முடிவுகட்டினான்.

லம்பி லேன் எப்போதுமே கடைசி. அங்கே இன்னும் ஒரு துளி உப்பு விழவில்லை. லாரியோடு திரும்பியவன், ஆர்வோ எதிரே டிராக்டரில் வருவதைப் பார்த்தான். ஏரி உறைந்ததும் பனிக்கட்டிமேல் வைத்து, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் மரக்குடிசையை, வீட்டுப் பின்பக்கத்திலிருந்து இழுத்து வந்துகொண்டிருந்தான். அடியில் இரண்டு வழுக்குக் கட்டைகள். குடிசை பனிமேல் ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. ஜன்னல் திரைகூட ஆடவில்லை.

ரெய்னோ பிரேக்கை அழுத்தினான்.

“ஏன்டா, எங்க சந்துக்கு உப்புப் போடாம வேடிக்கை பாக்குற?” என்று கத்தினான் ஆர்வோ.

“அந்தக் கட்டைங்களக் கொஞ்சம் குடு.”

“எதை?”

“உன் குடிசைக்கு அடியில இருக்கே, அதை.”

“குடிசை எதும்மேலடா நிக்கும்? உன் தலைமேலயா?”

“மீனுங்க இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கும், ஆர்வோ. என்னால முடியாது.”

ஆர்வோ அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு புலம்பிக்கொண்டே இறங்கிக் கொக்கியைக் கழற்றினான்.

மார்லிஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, இரண்டு ஆண்களும் ஷெட் தரையில் படுத்து உத்தரங்களுக்கு அடியில் வழுக்குக் கட்டைகளை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் கார்ச் சாவி இருந்தது.

“பனி விழுந்துடுச்சு,” என்றாள்.

“தெரியும். காலைலேர்ந்து நான்தான் தள்ளிக்கிட்டிருக்கேன்.”

“என்னதான் பண்றீங்க?”

“ஜாக்கியக் கழட்டாம அப்படியே இழுக்கப் போறோம்,” என்றான் ஆர்வோ. “உன் புருஷன் மூளை மீன் மூளை. அதனாலதான் இதெல்லாம் தோணுது.”

சிமெண்டுத் தரையில் கட்டை வழுக்காது. மார்லிஸ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். வாசலிலிருந்து பனியை அள்ளி உள்ளே வீசினாள்.

“ஷெட்டுக்குள்ள பனி அள்ளிப் போடுற பைத்தியம் உலகத்துலயே நான் ஒருத்திதான் இருப்பேன்!”

டிராக்டர் நடைவேகத்தில் இழுத்தது. ரெய்னோ காருக்குள், தரை இருந்த இடத்தில் உத்தரத்தின் மேல் கால் ஊன்றி, இரண்டு கைகளாலும் கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தகட்டில் ஏதாவது அசைந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். ஷெட் வாசல் கடந்தது. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே வந்தது. கண்ணாடி இல்லாத முன்பக்கத்தில் பனி மெதுவாக நுழைந்து, துருவின் மேல் உட்கார்ந்தது.

பக்கத்தில் நடந்து வந்த மார்லிஸைப் பார்த்தான். “ஏறிக்க.”

சாத்தாத கதவு வழியே அவள் ஏறி அவன் பக்கத்தில் நின்றாள். ஊசியிலை மரங்கள் ஒவ்வொன்றாக ஜன்னலில் தோன்றி, பின்னால் போயின. டிராக்டரின் சத்தம்கூடப் பனிக்குள் அமுங்கிவிட்டது.

“எங்க போறோம்?” என்று கேட்டாள்.

“ஆர்வோ வீட்டுக்கு.”

“அவ்ளோ தூரமா!”

ஓடைக்கு மேல் இருந்த சிறு பள்ளத்தில் கட்டைகள் தாழ்ந்தன. தூண் அவன் விரலுக்குள் நடுங்கியது. “நிறுத்து!” என்று அலறினான். இறங்கி, கூரையை ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தான். மடிப்பு எதுவும் இல்லை. ஒரு ஜாக்கி சற்றுச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கிவிட்டுத் தலையசைத்தான். மறுபடி நகர்ந்தார்கள்.

கொட்டகை இருட்டுக்குள் கார் போய் நின்றதும் முதல் வேலையாகக் கதவைத் தள்ளி இடைவெளியை விரலால் அளந்தான். அதே அரை விரல். ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை. அவன் கூரையில் நெற்றியைச் சாய்த்து நின்றான். ஆர்வோ திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

மார்லிஸ் அதற்குள் சந்தில் திரும்பி நடந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சின்னக் காரின் விளக்குகள் ஷெட்டுக்குள் நுழைந்து அணைந்தன. ஷெட் கதவு இறங்கியது.

லாரியில், அலுவலகம் கூப்பிடும் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. ரெய்னோ ஓடிப்போய் எடுத்தான்.

“லாத்தெலா, எங்கய்யா இருக்க?”

“லம்பி லேன்ல சார்.”

“அங்க என்ன இவ்ளோ நேரம்?”

“ரோடு ரொம்ப வழுக்குது சார்.”

“அதுக்குத்தானய்யா உப்பு!”

“ஆமா சார்,” என்றான் ரெய்னோ. வீட்டிலிருந்து கொட்டகை வரை பனியில் ஓடிய இரட்டைத் தடத்தைப் பார்த்தபடி, “அஞ்சே நிமிஷம், போட்டுடுறேன்,” என்றான்.