கல்யாண வேனை இழுத்த கதை

ஒன்பது வயதில், பட்டுப்பாவாடையோடு, சேற்றில் புதைந்த ஒரு வேனை நான் வெளியே இழுத்திருக்கிறேன். சிரிப்பவர்கள் என் சித்தியிடம் கேட்டுக்கொள்ளலாம். அவளுடைய கல்யாணத்துக்குத்தான் அந்த வேன் போய்க்கொண்டிருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அங்கேயே வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொள்வதென்று தானே முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளை நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்துக் கோயிலில்தான் தாலி என்று அவர்கள் வீட்டில் வேண்டுதல் வேறு. எங்கள் ஊரான ஜார்ஜ்டவுனில் மண்டபம்வரை பார்த்து வைத்திருந்த தாத்தா, ஆறு மாதம் சித்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்தன்று புது வேட்டி கட்டி வேனின் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

வேன் மாமாவுடையது. அம்மாவின் அண்ணனான அவர் தினமும் பசாருக்குக் காய்கறி ஏற்றும் வேன். மாமா ஓட்ட, பின்னால் அம்மா, சித்தி, நான். மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். கடல் பாலத்தைத் தாண்டி, பிறையைத் தாண்டி, தோட்டத்து மண்சாலைக்குள் நுழைந்தோம். முதல்நாள் பெய்த மழையில் சாலை குழைந்து கிடந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் பின்சக்கரம் இரண்டும் பொதக்கென்று இறங்கின. மாமா எஞ்சினை முறுக்க முறுக்க இன்னும் ஆழமாகப் புதைந்தன. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை.

"மாப்பிள்ளைக்கு போன் அடி. டிராக்டர் அனுப்பச் சொல்லு" என்றார் மாமா.

தாத்தா திரும்பாமலே சொன்னார்: "அவங்க டிராக்டர் வந்து இழுத்துட்டுப் போயித்தான் என் மவளுக்குக் கல்யாணம் நடக்கணுமா? சகுனம் சரியில்ல. வீட்டுக்குப் போவோம். வேற நாள் பாத்துக்கலாம்."

 சித்தி கல்யாணப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் குதித்தாள். வேனில் கிடந்த, மூட்டை கட்டும் கயிற்றை எடுத்து ஒரு முனையை வேனின் முன்வளையத்தில் கட்டினாள். மறுமுனையை, வளைவில் நின்ற செம்பனை மரத்தில், கயிறு விண்ணென்று நிற்கும்படி இழுத்துக் கட்டினாள்.

"பாப்பா, ஓடி வா. நடுவுல ஏறி உக்காரு."

"கயித்து மேலயா?"

"ஆமா லா! ஊஞ்சல் மாதிரி. அக்கா, நீ கல்லு எடு. வேன் நகந்த உடனே டயருக்குப் பின்னால வை. அண்ணே, மொத கியர், மெதுவா!"

"பிள்ளையோட பட்டுப்பாவாடை போச்சுடி!" என்று கத்திக்கொண்டே அம்மா கல் தேடினாள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். கயிறு என்னோடு ஒரு சாண் தாழ்ந்தது. வேன் முனகியது, ஒரு விரல் அகலம் முன்னால் வந்தது. நான் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்தன. அம்மா கல்லை வைத்தாள். சித்தி கயிற்றை மறுபடி இறுக்கினாள். நான் மறுபடி ஏறினேன். இன்னொரு விரல். மறுபடி. இன்னொரு விரல். "இன்னும் சித்தி! இன்னும்!"

நடுவில் தாத்தா கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி, வேனுக்குப் பின்னால் போனார். கோபித்துக்கொண்டு நடந்தே திரும்புகிறார் என்று நினைத்தேன். அவரைக் கவனிக்க எனக்கு ஏது நேரம்?

ஐந்தாவது முறை, ஏறிய கணமே கயிறு தொளதொளவென்று விழுந்தது. நான் சேற்றில் விழுந்தேன். வேன் உறுமிக்கொண்டு மேலே ஏறி வந்தது. சித்தி என்னை அள்ளிக்கொண்டு ஓரமாகப் பாய்ந்தாள். இருவரும் சேற்றில் கிடந்து சிரித்தோம்.

தாலி நேரத்தோடு ஏறியது. பந்தியில் நான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வேனை இழுத்த கதையைச் சொன்னேன். புது மாப்பிள்ளை நம்பவில்லை. "இவ எத்தன கிலோ இருப்பா?"

"இருபத்து நாலு" என்றாள் சித்தி. மாலையைக்கூடக் கழற்றாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தாள். வேன், மரம், நடுவில் நான். "பாப்பா எடை நேரா கீழ. அதத் தாங்குறது கயிறு. ஆனா கயிறு கெடக்குறது படுத்தாப்புல. அதோட இழுப்புல இருபதுல ஒரு பங்குதான் மேல பாக்குது. ரெண்டு பக்கமும் சேத்தா பத்துல ஒன்னு. அந்தப் பத்துல ஒன்னு இருபத்து நாலுன்னா, மொத்த இழுப்பு?"

"இருநூத்து நாப்பது கிலோ!" என்று நான் துள்ளினேன்.

"ஆனா," என்று சித்தி பேனாவைக் கடித்தாள், "கடைசியில கயிறு தளந்துருச்சு. தளந்த கயிறு எதையும் இழுக்காது. எஞ்சின் மொதல்ல இருந்தே ஒரே மாதிரிதான். அப்ப இன்னொரு பலம் இருந்திருக்கணுமே." வேனுக்குப் பின்னாலிருந்து ஓர் அம்புக்குறி போட்டு, அதன்மேல் கேள்விக்குறி போட்டாள். மாமா பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் பாவாடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

சித்தியின் கண் பந்தியின் கோடிக்குப் போனது. நானும் பார்த்தேன். அங்கே தாத்தா, புது வேட்டியெல்லாம் சேறு.

"ஐயே, தாத்தா சேத்துல வழுக்கி விழுந்துட்டாரு!"

"ஆமா, வழுக்கிருச்சு" என்றார் தாத்தா, இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

வழுக்கி விழுந்தவருக்கு முதுகில் சேறு இருக்கும். தாத்தாவுக்கு மார்பிலும் மீசையிலும் தெறித்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சித்தி எழுந்து, பரிமாறுபவரிடமிருந்து பாயச வாளியை வாங்கிக்கொண்டு தாத்தாவின் முன்னால் போய் நின்றாள். ஊற்றினாள். "போதும்மா" என்று அவர் கையால் இலையை மறைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று எனக்கு ஒரே எரிச்சல். பேனாவை எடுத்து, அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, அங்கேயும் என் பெயரையே எழுதிவைத்தேன்.