கம்பி கட்டாத நாக்குகள்

பாவோவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு முந்தின நாள் வேட்டைக்காரர்கள் ஐந்து காட்டுப்பன்றிகளைச் சுட்டார்கள். உயிரோடு இருந்தவரை, சுட்ட பன்றிகளைக் கீறிச் சுத்தம் செய்தவன் பாவோதான். துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவன்; கத்திக்காக மட்டும் கூட்டிப்போவார்கள். நாக்குகள் அவன் பங்கு. அவன் தங்கை யூலா அவற்றைச் சமைப்பாள். கல்யாணம் ஆகாமலே இருவரும் ஒரே வீட்டில் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

அவனது அடக்கத்துக்கு, மழை என்று சொல்லிப் பாதிப்பேர் வரவில்லை. அது யூலாவுக்குள் ஆறாமல் கிடந்தது. இந்த முறையாவது எல்லாரும் வந்து, அவன் பங்கிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு தின்று, கொஞ்ச நேரம் அவனைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது பன்றி கீறுகிற ஷிமா சாயங்காலம் வாளியோடு வந்தான்.

“இந்தாங்க யூலாக்கா, அஞ்சு. குனிஞ்சு குனிஞ்சு என் முதுகே போச்சு. உங்கண்ணன் எப்படித்தான் தாங்கினாரோ.”

“அவன் உன்ன மாதிரி தொப்பை வளக்கல.”

“வளத்துவிட்டது உங்க சமையல்தானே.”

இரவு முழுக்க உப்புநீரில் ஊறவைத்தாள். காலையில் பிரிஞ்சி இலை, மிளகு, வெங்காயம் போட்டு அடுப்பிலேற்றினாள். ஊசி தடையில்லாமல் இறங்கியதும் எடுத்து, சூட்டோடு தோலை உரிக்கத் தொடங்கினாள். ஆறினால் தோல் வராது. மூன்றாவதை உரிக்கையில் வேட்டைச் சங்கத் தலைவர் இலியா உள்ளே வந்தார். பின்னால் ஷிமா.

“யூலா, விடு. ஒரு பன்னியில புழு இருக்குன்னு லேப்ல சொல்லிட்டாங்க. மூணாம் நம்பர்.”

ஒவ்வொரு பன்றியின் காலிலும் எண் தொங்கும். கறியில் நோய்ப்புழு இருக்கிறதா என்று பார்க்க, அதன் தசையில் ஒரு துண்டு சோதனைக்குப் போகும். இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் கெட்ட செய்தி வந்ததில்லை. அதனால்தான் அவள் காத்திருக்கவில்லை.

“விடியக்காலையிலேர்ந்து கொதிச்சிருக்கு. எந்தப் புழு பிழைக்கும்?”

“பிழைக்காதுதான். ஆனா எரிக்கச் சொல்றாங்க.”

“மூணாம் நம்பரை மட்டும் எடுத்துப் போடுறேன். மத்த நாலும் நல்லதுதானே.”

“எது மூணு?”

ஷிமா தரையைப் பார்த்தான். “நான் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன். பாவோ ஒவ்வொண்ணுலயும் நம்பரோட கம்பி சுத்துவாரு. மனுசனுக்கு வேற வேலையில்லன்னு சிரிப்போம்.”

யூலாவுக்கு அந்தக் கம்பிகளைத் தெரியும். பல்லில் மாட்டினால் யார் பதில் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் அவனைத் திட்டிக்கொண்டே வெட்டிக் குப்பையில் போட்டவள் அவள். லேபிலிருந்து போன் வரட்டும் என்று சொல்லி, அதுவரை அவன் அடுப்பையும் பற்றவைக்க விடமாட்டான். சோம்பேறித்தனம் என்றே அவள் நினைத்திருந்தாள். அவனும் விளக்கவில்லை, சொல்லித்தான் தெரியவேண்டுமா என்று நினைத்தானோ என்னவோ.

இலியா தொப்பியைச் சரிசெய்தார். “நான் பாக்கலன்னு வெச்சுக்கிறேன். உன் இஷ்டம்.”

அவர்கள் போன பிறகு யூலா நாக்குகளைப் பார்த்தபடி நின்றாள். பரிமாறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அநேகமாக. ஆனால் சொன்னால் தின்ன மாட்டார்கள். சொல்லாமல் போட்டாலோ, பாவோ ஒருநாளும் போட்டிருக்காத சாப்பாட்டைப் பாவோவின் பெயரால் போட்டதாகும். சட்டியோடு தூக்கிப்போய்க் கொல்லைக்குழியில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். ஈரக்கறி லேசில் எரியவில்லை. கிளறிக் கிளறி மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது.

மதியம் எல்லாரும் வந்தார்கள். பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் இருந்தன.

“நாக்கு எங்கே யூலா? அதுக்காகத்தானே வந்தேன்,” என்றார் ஒரு கிழவர்.

சொன்னாள். பிறகு பேச்சு கிளம்பியது: எந்தக் காட்டில் சுட்ட பன்றி, இந்தப் புழுவால் எந்த ஊரில் யாருக்குக் கண் வீங்கியது, யார் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஷிமா கம்பியைப் பற்றிச் சொன்னபோது பாவோவின் பெயர் ஒருமுறை வந்தது.

“அப்போ இனிமே யாராவது கட்டணும்,” என்றார் ஒருவர்.

“ஷிமா கட்டட்டும்.”

“எனக்கென்ன தலையெழுத்தா? முதுகு வேற போச்சு.”

சிரித்தார்கள். யார் கட்டுவது என்பதில் காபி முடிந்தது. யூலா மேசையைச் சுற்றி ரொட்டிக்கூடையை நீட்டிக்கொண்டே வந்தாள். யாரும் அவசரப்படவில்லை. இருட்டத் தொடங்கும்வரை உட்கார்ந்து புழுவைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.